சத்தத்தை எடுத்துவிட்ட ஒரு நிமிடம்

அப்பு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அது கைக்கு வரவில்லை. நீ சென்னைக்குப் போய் நாலு நாளாகிறது. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயிற்று, கை கொஞ்சம் வீங்கியிருக்கிறது, விசா வெள்ளிக்கிழமை கைக்கு வந்துவிடும் என்று போனில் சொன்னாய். நானும் சரிப்பா, நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு மேல் பேசினால் வாயில் என்ன வருமோ என்று பயம். போனில் திட்டினால் சிக்னல் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாய், கடிதத்தில் அது முடியாது. உட்கார்ந்து முழுதாகப் படி. எனக்கு உன்மேல் அருவருப்பாக இருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒரு தாய் சொல்லும் சொல்லா இது என்று நினைப்பாய். வெறும் கோபமாக இருந்தால் நாலு நாளில் ஆறியிருக்கும். இது ஆறவில்லை. என்மேலும் அதே அருவருப்புத்தான், உன்மேல் உள்ளதைவிட ஒரு படி கூடவே இருக்கும். அதையும் எழுதுகிறேன், கொஞ்சம் பொறு.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ நாலு நாடுகளுக்குப் போய் அங்கே உள்ள பிள்ளைகளுக்குப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கப் போகிறாய். முதல் நாள் முதல் வகுப்பில், நம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பில் நீ எடுத்த அந்த ஒரு நிமிடத்தைப் போட்டுக் காட்டப் போகிறாய். இப்போது வைத்திருக்கிற மாதிரியே அதைக் காட்டக் கூடாது. அப்படித்தான் காட்டுவேன் என்றால் நீ விமானம் ஏறவே வேண்டாம். மிச்சம் எழுதப்போவதெல்லாம் இது ஏன் என்பதுதான்.

நீ கிளம்பப் போகிறாய் என்றதும் நான் எவ்வளவு பெருமையடித்துக்கொண்டேன் என்பது உனக்குத் தெரியாது. கடைவீதியில் மளிகைக் கடைக்காரரிடம், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அக்காவிடம், ஏலக்காய் ஏலத்துக்கு வந்த வியாபாரிகளிடம் எல்லாம் என் மகன் ஆப்பிரிக்காவுக்கு வாத்தியாராகப் போகிறான் என்றேன். "ஆப்பிரிக்காவுல எங்கிட்டும்மா?" என்று ஒருத்தர் கேட்டார். வீட்டுக்கு வந்து உன்னிடம் கேட்டபோது, கென்யா, உகாண்டா, தான்சானியா, கானா என்று ஒரே மூச்சில் சொன்னாய், ஏதோ முந்தல், குரங்கணி, சிலமலை என்று பக்கத்து ஊர்களைச் சொல்வது போல. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் எவ்வளவு தூரம், அங்கே என்ன விளைகிறது, அந்த ஊர்ப் பெண்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் போய்த்தாம்மா பாக்கணும்" என்றாய். ஒரு ஊருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவனுக்கு அந்த ஊரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டாமா என்று அப்போதே ஒரு முள் குத்தியது. பிள்ளை கிளம்புகிற நேரத்தில் நொட்டை சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு, அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எட்டு மில்லி பருமனுள்ள முதல்தரக் காயாகப் பார்த்து ஏலக்காய்ப் பொட்டலம் போட்டேன். நாற்பது பொட்டலம். அவை இன்னும் கூடத்தில் உன் பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

அந்தப் பிள்ளைகள் உனக்கு எழுதிய கடிதங்களை நீதான் எனக்கு வாசித்துக் காட்டினாய். அதில் உகாண்டாப் பிள்ளை ஒன்று எழுதியிருந்ததே, நினைவிருக்கிறதா? அவள் அம்மா தேயிலை கிள்ளப் போகிறவள், விடியும் முன்னே லாரியில் ஏறி மலைக்குப் போகிறவள், அவளைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும், எப்படி எடுப்பது என்று நீங்கள் சொல்லிக்கொடுப்பீர்களா என்று கேட்டிருந்தாள். நீ அதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிப்போனது. எங்கோ கண்காணாத தேசத்தில் இருக்கிறாள் என்று நினைத்த பிள்ளையின் அம்மா, நம் தோட்டத்து வேலைக்கு வருகிற பாண்டியம்மா போலத் தூக்குவாளியோடு வண்டிக்கு நிற்கிறவளாக இருக்கிறாள். இப்போது அந்தக் கடிதத்தை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் வகுப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளை கேமராவைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா ஏறுகிற லாரிக்குப் போவாள். நீ என்ன சொல்லிக்கொடுத்தாயோ அதைத்தான் அங்கே செய்வாள்.

போன புதன்கிழமை கூடத்தில் உன் அப்பாவின் வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி, இரவல் வாங்கி வந்த புரொஜெக்டரை ஸ்டூலில் வைத்து, என்னை மாணவியாக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாய். இங்கிலீஷில் ஒரு தடவை, எனக்காகத் தமிழில் ஒரு தடவை. "படம் எடுக்கிறவன் முதல்ல எதிர்ல இருக்கிறவங்க நம்பிக்கையைச் சம்பாதிக்கணும்" என்றாய். நன்றாகத்தான் இருந்தது. அதற்கு எடுத்துக்காட்டாக அந்த ஒரு நிமிடத்தைப் போட்டாய். ஜீப்பின் பின்பக்கம், பனி, மேலே ஏறுகிற வெயில், நம் தோட்டத்து வேலைக்கு வந்த செல்வியின் முகம், பறக்கிற முடி, காற்றில் நீட்டிய கை, அகலத் திறந்த வாய், பின்னணியில் ஒரு புல்லாங்குழல் இசை. "இந்தப் பொண்ணோட சிரிப்பப் பாருங்க, வாழ்க்கையில முதல் தடவையா அவளுக்குக் கிடைச்ச விடுதலை இது, கேமரா இருக்கிறதையே மறந்துட்டா" என்று நீ வேட்டியைப் பார்த்துச் சொன்னாய். அந்தப் படத்தை அதற்கு முன் நான் முழுதாகப் பார்த்ததில்லை. பரிசு வாங்கியது தெரியும், பத்திரிகையில் உன் போட்டோ வந்தது தெரியும், அவ்வளவுதான். நானும் ஒரு கணம் அது சிரிப்பென்றுதான் நினைத்தேன், அப்பு. நடந்தது தெரிந்த நானே நினைத்தேன்.

அப்போதுதான் மறுநாள் ஜீப் எத்தனை மணிக்கு என்று கேட்க வந்த பாண்டியம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல சத்தத்தக் காணோமே தம்பி" என்றாள். நீ சிரித்துக்கொண்டே, "அது படத்துக்குத் தேவையில்லக்கா, மியூசிக் போட்டாத்தான் மனசுல நிக்கும்" என்றாய். அவள் உன்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நானும் கத்துனேன், அவளும் கத்துனா. எம்புட்டுக் கத்து. எல்லாம் தேவையில்லாமப் போச்சாக்கும்" என்று சொல்லிவிட்டு, நான் காபி குடித்துவிட்டுப் போ என்று கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் போனாள். இருபது வருஷமாக நம் வீட்டில் காபி குடிக்காமல் அவள் போனதில்லை. மறுநாள் ஜீப்புக்கும் அவள் வரவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கே நான் சொல்ல வேண்டியிருப்பதுதான் கேவலம். ஆனால் நீ அதை வேறு மாதிரி சொல்லிச் சொல்லி அதுதான் உண்மை என்று நம்பத் தொடங்கிவிட்டாய். நம் ஜீப்பில் அவரவருக்கு ஓர் இடம் உண்டு என்பதும், அது யாரும் எழுதிவைக்காத சட்டம் என்பதும் உனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். நான் முன்னால், வண்டி ஓட்டுகிற சுருளிக்குப் பக்கத்தில். புதிதாக வருகிறவர்கள் உள்ளே நடுவில், இரண்டு பக்கமும் ஆள் நெருக்கிப் பிடித்திருக்கிற மாதிரி. கதவில்லாத பின்வாசலில், குறுக்கே மாட்டிய சங்கிலிக்கு ஒட்டினாற்போல, பாண்டியம்மா. எந்த வளைவில் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று அவள் உடம்புக்குத் தெரியும். ஒரு கை மேற்கம்பியில், ஒரு கை தகரத்தில். ஏதாவது என்றால் அவள் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவாள், சுருளி வண்டியை நிறுத்துவான். அவள் தட்டினால் யாரையும் கேட்க மாட்டான். மற்றவர்கள் கத்தினால் காதில் போட்டுக்கொள்ள மாட்டான், ஏனென்றால் மலை ஏறும்போது ஜீப்பில் கத்தல், பாட்டு, சண்டை எல்லாம் எப்போதும் உள்ளதுதான். கத்தல் அதிகமானால் என் முகத்தைப் பார்ப்பான். நான் சொன்னால் நிறுத்துவான்.

நீ வந்து அந்த இடங்களைக் கலைத்தாய். பாண்டியம்மாவின் சுருக்கம் விழுந்த முகம் நடுவில் இருந்தால்தான் வெளிச்சம் சரியாக விழும் என்று அவளை உள்ளே தள்ளினாய். வேலைக்கு வந்து மூன்று வாரமே ஆன செல்வியை, பத்தொன்பது வயசுப் பெண், முகம் நன்றாயிருக்கிறது என்று பின்வாசலில் உட்காரவைத்தாய். "வேணாம் தம்பி, அது புதுசு, கம்பி பிடிக்கத் தெரியாது" என்று பாண்டியம்மா சொன்னாள். நீ கேட்கவில்லை. அத்தோடு விட்டாயா? கம்பியைப் பிடிக்காதே, கையை வெளியே நீட்டிப் பனியைத் தொடு என்று செல்விக்குச் சொன்னாய். நீ சக்கரத்தின் மேல் உள்ள பெட்டியில் முன்பக்கத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு, கேமரா ஸ்டாண்டின் காலைப் பரப்பி நடுவழியை அடைத்தாய். முந்தல் தாண்டியதும் யாரோ வாந்தி வருகிறது என்று இரண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொன்னதற்கு, வெயில் போய்விடும், வெரசாப் போகணும் என்று எரிந்து விழுந்தாய். திரும்பிப் பார்க்காதே அம்மா, உன் முகம் படத்தில் விழுந்துவிடும் என்று எனக்கும் கட்டளை போட்டாய். நானும் கல்யாணப் பெண் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

பாதி மலையில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வண்டி சாய்ந்தபோது செல்வி பலகையிலிருந்து வழுக்கினாள். கால் இரண்டும் சங்கிலிக்கு அடியில் வெளியே தொங்கின. ஒரு கையில் சங்கிலி, மற்றக் கை நீ நீட்டச் சொன்ன கை. தகரத்தைத் தட்ட அவளுக்குக் கை ஏது? பாண்டியம்மா நடுவிலிருந்து எழுந்து பார்த்தாள், உன் கேமராவின் கால் வழியை மறித்தது. அடுத்த வளைவு தாண்டி அதற்கடுத்த வளைவு வரைக்கும் அந்தப் பெண் அப்படியே தொங்கிக்கொண்டு வந்தாள். அந்த நேரம் முழுவதும் நீ அவள் முகத்தை எடுத்துக்கொண்டிருந்தாய். முகத்துக்குக் கீழே உள்ளது எதுவும் உன் படச்சட்டத்துக்குள் வரவில்லை. அதைத்தான் நீ சிரிப்பென்றும் விடுதலை என்றும் பெயர் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோகிறாய். அவள் கை விட்டுப் போய் ரோட்டோரக் கல்லில் விழுவதற்குச் சரியாக முன்னால் வெட்டியிருக்கிறாய். சீ என்றிருக்கிறது அப்பு. இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவளை மடியில் போட்டுக்கொண்டு போனவள் நான்தான். வலது கையில் மணிக்கட்டில் ஒரு முறிவு, முழங்கையில் ஒரு முறிவு. எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டபோது, "தோட்டத்துல ஈரத்துல வழுக்கி விழுந்துட்டா" என்று நான் சொன்னேன். அவளுக்கு நினைவு இருந்தது, என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். சுருளியிடமும் மற்றப் பெண்களிடமும் அதையே சொல்லச் சொன்னேன். பாண்டியம்மா மட்டும், "பொய் சொல்ல வாய் வரலம்மா, கேட்டா நான் பேசாம இருந்துக்கிறேன்" என்றாள். போலீஸ், கேஸ் என்று போனால் உன் படிப்பு போய்விடும், சுருளியின் லைசென்ஸ் போய்விடும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். சுருளியை நினைத்தேன் என்பது பொய், உன்னை மட்டும்தான் நினைத்தேன். அந்தக் கை இன்றுவரை நேராகவில்லை. காய் எடுப்பு என்றால் செடியின் அடியில் மண்ணோடு மண்ணாகக் குனிந்து பழுத்த காயாகப் பார்த்து இரண்டு கையாலும் திருக வேண்டும். அவளால் மணிக்கட்டைத் திருப்ப முடியாது. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற ஒரு கூடத்தில் உட்கார்ந்து இடது கையால் காய் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் அவள் காபித் தட்டைப் பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்களாம்.

இதெல்லாம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று இந்த நாலு நாளாக யோசித்துப் பார்த்தேன். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். உனக்குப் பதினொரு வயது இருக்கும். மழை பிந்தி, காய் வெளுத்துப்போன வருஷம். சாக்கின் மேல்வாயில் ஒரு படி பச்சைக் காயை, பருமனாகப் பொறுக்கி எடுத்து, பரப்பிவைக்கச் சொன்னேன். நீ எவ்வளவு அழகாக வைத்தாய். ஒவ்வொரு காயாகத் திருப்பி, பச்சைப் பக்கம் மேலே வருகிற மாதிரி. என் பிள்ளைக்கு என்ன கைவாகு என்று மெச்சி உன் கன்னத்தைக் கிள்ளினேன். வந்த வியாபாரி நீ பரப்பியதைப் பார்க்கவே இல்லை. முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு அடிச் சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளி உன் முன்னால் விரித்துக் காட்டினார். "மேல இருக்கது உங்கம்மா ஆசைடா மாப்ளே, காயி கீழதான் இருக்கு" என்றார். நாம் இரண்டு பேரும் அவர் போன பிறகு சிரித்தோம். அவமானப்பட்டிருக்க வேண்டிய இடத்தில் சிரித்தோம். அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டு வைத்து, நான் செய்தது தப்புடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பாண்டியம்மா போன பிறகு நமக்குள் நடந்த சண்டையை இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு நான் சொல்ல வேண்டியதை முழுதாகச் சொல்லவில்லை. சத்தம் எங்கே என்று கேட்டேன். இல்லை என்றாய். பிறகு பழைய டிஸ்கில் இருக்கும் என்றாய். பிறகு அதைக் கேட்க வேண்டாம் அம்மா என்றாய். கொண்டா என்று நான் கத்தியதும் லேப்டாப்பைத் திறந்து போட்டாய். முதலில் என்ஜின் சத்தம், காற்று. பிறகு செல்வி. அது மனுஷக் குரலாகவே இல்லை. பாண்டியம்மா, "வண்டிய நிப்பாட்டுங்க, பிள்ள தொங்குது, நிப்பாட்டுங்க" என்கிறாள், மூன்று தடவை. அடுத்து ஒரு பெண்குரல், பக்கத்தில், நிதானமாக, "நிக்காத சுருளி, போ. பிள்ள படம் எடுத்துக்கிட்டு இருக்கான்." யாரடா இது என்று உன்னைக் கேட்டேன். திரும்பப் போடச் சொன்னேன். இரண்டாம் தடவைதான் அது என் குரல் என்று எனக்குத் தெரிந்தது.

நாலு வருஷமாக, எனக்கு எதுவும் கேட்கவில்லை, என்ஜின் இரைச்சலில் யாருக்குமே கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சாமி முன்னால்கூட அப்படித்தான் சொன்னேன். பொய் என்று தெரிந்து சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் என் நினைவில் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், நான் என்னிடமிருந்தே மறைத்திருக்கிறேன். உன் படம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக, பின்னால் ஒரு பெண் தொங்குகிறாள் என்று மூன்று தடவை கேட்ட பிறகும், திரும்பிக்கூடப் பார்க்காமல் போ என்றிருக்கிறேன். அந்தக் குரலில் ஒரு பதற்றம் இருந்திருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறும். உப்புக் கொண்டா என்று சொல்வது போலச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு நீ சொன்னாய், "அதனாலதாம்மா சத்தத்த எடுத்தேன், உன் குரல் யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு." நீ அதை அன்போடு சொன்னாய், எனக்குத் தெரியும். அந்த அன்புதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் குமட்டியது. என்னைக் காப்பாற்ற அவள் வாயை அடைத்தாய். அடைத்த வாய்க்குப் புல்லாங்குழல் வாசித்தாய். "நீ கேமராவுல பாத்துக்கிட்டுத்தானடா இருந்த?" என்று கேட்டேன். "கேமராவுல பாக்கும்போது அது நெஜமாத் தெரியலம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டாய். அன்றைக்கு நீ வாயைத் திறந்து சொன்னதில் உண்மை அது ஒன்றுதான். நாற்பது பிள்ளைகளுக்கு நீ முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் அதுதான். அதை விட்டுவிட்டு நம்பிக்கையைச் சம்பாதிப்பது எப்படி என்று பாடம் தயார் பண்ணுகிறாய். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

ஞாயிற்றுக்கிழமை சிலமலைக்குப் போனேன். செல்வி வீட்டு வாசலில் இடது கையால் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறி எழுந்து பாயைக் கொண்டுவந்து போட்டாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றுகொண்டே சொன்னேன். அன்னைக்கு வண்டியை நிறுத்த வேண்டாம் என்று சொன்னது நான்தான் ஆத்தா, எனக்கே இப்போதுதான் தெரியும் என்றேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை, அப்பு. கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு வந்தாள். "எனக்குக் கேட்டுச்சும்மா" என்றாள். "நிக்காத, போன்னு நீங்க சொன்னது அன்னைக்கே கேட்டுச்சு. அதுக்கப்புறந்தான் கை விட்டுப்போச்சு." ஏன்டி இத்தனை நாளாக யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு அசிங்கமான கேள்வி என்று உறைத்தது. அவள் கோபப்படாமல் சொன்னாள், "யாருகிட்டம்மா சொல்ல? டாக்டரு கேட்டப்ப நீங்கதான எம் பக்கத்துல நின்னீங்க."

உன் படத்தை அவள் பார்த்திருக்கிறாள். சொந்தக்காரப் பையன் ஒருவன் போனில் அனுப்பியிருக்கிறான். சினிமா நடிகை கணக்காகச் சிரிச்சுக்கிட்டுப் போறியே என்று தெருவில் கேலி செய்தார்களாம். அவளும் ஆமா என்று சொல்லிவிட்டு இருந்திருக்கிறாள். அதை எடுத்துவிடச் சொல்லட்டுமா, இனிமேல் யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சொல்லட்டுமா என்று கேட்டேன். நீ போகிற ஊரில் அதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். உன் மாணவர்களைப் பற்றி, தேயிலை கிள்ளுகிறவளின் மகளைப் பற்றிச் சொன்னேன். "அப்ப எடுக்க வேணாம்மா, அந்தப் பிள்ளைக பாக்கட்டும். நான் சிரிக்கிறேன்னு மட்டும் சொல்ல வேணாம்னு சொல்லுங்க. சத்தத்தோட பாக்கட்டும்" என்றாள். பாண்டியம்மாவிடமும் சுருளியிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், இனி யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள் என்று. அந்த ஆஸ்பத்திரிக்கும் போய், அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று எழுதிக்கொடுக்கப் போகிறேன். அதனால் எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். நீ அங்கேயிருந்து போன் போட்டு ஆள் வைத்துச் சரிக்கட்டுகிற சோலியெல்லாம் பார்க்கக் கூடாது.

சனிக்கிழமை நீ வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் அந்த நிமிடத்துக்குச் சத்தத்தைத் திரும்பப் போட்டுவிடு. புல்லாங்குழலைத் தூக்கி எறி. அதை நீ செல்வியிடம் கொண்டுபோய்க் காட்டி, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். அவள் மனசு மாறி வேண்டாம் என்றாலும் சரி என்று சொல்லிவிட்டு வா. மன்னிப்புக் கேட்கிறேன் என்று காலில் விழுந்து அவளைச் சங்கடப்படுத்தாதே, கண்ணைப் பார்த்துப் பேசினால் போதும். நீ நல்ல வாத்தியாராக வருவாய் என்றுதான் நான் இன்னும் நம்புகிறேன், இல்லாவிட்டால் இவ்வளவு எழுத மாட்டேன். வண்டியில் ஏறும் முன் யார் எங்கே உட்காருகிறார்கள், ஏன் அங்கே உட்காருகிறார்கள் என்று அந்தப் பிள்ளைகள் முதலில் கேட்கட்டும். யாராவது கத்தினால் கேமராவைக் கீழே வைக்கட்டும். அதற்கு மேல் உள்ள வித்தையெல்லாம் உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. அதனால் செல்வி கத்துவதற்கும் பாண்டியம்மா சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் கீழே இங்கிலீஷில் எழுத்துப் போடு. என் வார்த்தையை மட்டும் மங்கலாக்கி வைத்துவிடாதே. போட்டு முடித்ததும் யாராவது ஒரு பிள்ளை, அந்தத் தேயிலைக்காரியின் மகளாகவே இருக்கலாம், வண்டியை நிறுத்தாதே என்று சொன்ன பெண் யார் என்று கேட்பாள். யாரோ முதலாளி என்று சொல்லிவிடாதே. என் அம்மா என்று சொல்.